அம்மாவின் பால் கணக்கில் நான் படித்த பைத்தான்

பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளி அலுவலகத்தில் டேலியில் கணக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பள்ளியிலும் காமர்ஸ் குரூப்தான். போன ஜனவரியில் பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்கும் ஆசை வந்து, இரண்டு மாதம் வீடியோ பார்த்தேன். ஒவ்வொன்றும் பார்க்கும்போது நன்றாகப் புரிந்தது. பார்த்து முடித்து, வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்தால் நீச்சல் வருமா?

மார்ச் முழுக்க ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை. ஏப்ரலில் மறுபடி தொடங்கியபோது வழியை மாற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குத் தேவைப்படும் ஒரு கணக்கை எடுப்பது, அதற்கு ஒரு சின்ன நிரல் (புரோகிராம்) எழுதுவது, அதற்கு என்ன தெரிய வேண்டுமோ அதை மட்டும் அப்போது படிப்பது. ஜூலைக்குள் நான்கு நிரல்கள் எழுதினேன். என்னைப் போலக் கணினிப் படிப்பு இல்லாமல் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. நான் எழுதியபோது முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளுக்கான விலையும் சேர்ந்து மாறிவிடும். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று நிபந்தனை போடும் இஃப், எலிஃப், எல்ஸ் மூன்றையும் படிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் விடை சரியா என்று பார்க்க வீட்டிலேயே பழைய பில்கள் இருக்கின்றன.

முதல் நாளே இரண்டு தப்பு. நாம் தட்டுவதை வாங்கித் தரும் இன்புட் மூலம் யூனிட்டை வாங்கி 100 உடன் ஒப்பிட்டேன், டைப்எரர் (வகை பொருந்தாத பிழை) வந்தது. இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் தரும். நாம் 5 என்று தட்டியதை அப்படியே 3 ஆல் பெருக்கினால் 15 வராது, 555 வரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றிய பிறகுதான் அது கணக்குக்கு ஆகும். இரண்டாவது தப்பில் எந்த எரரும் வரவில்லை, விடைதான் தப்பாக வந்தது. ‘100க்கு மேல்’ என்ற நிபந்தனையை முதலிலும், ‘500க்கு மேல்’ என்பதை அடுத்தும் எழுதியிருந்தேன். 600 யூனிட்டும் 100க்கு மேல்தானே? முதல் நிபந்தனையிலேயே பிடிபட்டு நின்றுவிட்டது. பைத்தான் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும், முதலில் பொருந்துவதோடு நிறுத்திக்கொள்ளும் என்பது அன்றைக்குப் புரிந்தது. வீடியோவில் இதை மூன்று முறையாவது கேட்டிருப்பேன்.

கட்டண விலைகளை நிரலின் நடுவே அங்கங்கே எழுதாதீர்கள். மேலே ஒரு லிஸ்ட்டில், அதாவது பட்டியலில், மொத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் திருத்தப்படும்போது அந்த ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

இரண்டாவது நிரல் எல்லோரும் எழுதுகிற எண் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 1 முதல் 100 வரை கணினி ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் சொல்லச் சொல்ல ‘பெரிது’, ‘சிறிது’ என்று பதில் தரும். ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துக் கேட்டால் 7 முறைக்குள் கட்டாயம் கண்டுபிடித்துவிடலாம். 2 ஐ ஏழு முறை பெருக்கினால் 128, அது 100 ஐத் தாண்டிவிடுகிறது, அதனால்தான். நிபந்தனை பொருந்தும்வரை அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் வைல் லூப் எனக்கு இங்கேதான் கைவந்தது. எழுதி முடித்து அக்கா மகனிடம் கொடுத்தேன். அவன் 50 என்று தட்டாமல் ‘ஐம்பது’ என்று தட்டினான். “சித்தி, உங்க கேம் செத்துப்போச்சு” என்றான். எண்ணாக மாற்ற முடியாததால் வந்த வேல்யூஎரர். எரர் வந்தாலும் நிரல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் ட்ரை, எக்செப்ட் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்து 150 என்று தட்டினான். எழுதிய நிரலை வேறொருவர் கையில் கொடுங்கள், குறிப்பாக ஒரு குழந்தையின் கையில். நாம் நினைத்தே பார்க்காத பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிடுவார்கள்.

தினசரிப் பயிற்சி பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். காலை 5:15க்கு அம்மா பால் கறக்கக் கட்டுத்தறிக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை, ஏறக்குறைய 40 நிமிடம், நான் கணினி முன்னால். முதல் 15 நிமிடம் புதிதாக எதுவும் படிப்பதில்லை. நேற்று எழுதியதைத் திறக்காமல் வெற்றுக் கோப்பில் மறுபடி எழுதுவேன். எண் விளையாட்டை மட்டும் 11 முறை எழுதியிருக்கிறேன். முதல் முறை இரண்டு நாள் ஆனது, கடைசியில் எட்டு நிமிடம். காப்பி பேஸ்ட் கிடையாது. விரலால் தட்டும்போதுதான் எங்கே முக்காற்புள்ளி, எங்கே எத்தனை இடம் உள்ளே தள்ள வேண்டும் என்பதெல்லாம் பதிகிறது. மே மாதம் ஊர் மாரியம்மன் திருவிழாவில் ஒன்பது நாள் விட்டுப்போனது. திரும்பி வந்து அதே விளையாட்டை எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. அதில் மனம் விட்டுவிட வேண்டாம். மறுநாள் பாதி நேரத்தில் வந்துவிட்டது.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்துக்கொண்டேன். எரர் வந்தால் அதன் பெயர், வந்த காரணம், சரிசெய்த விதம், எல்லாம் தமிழில், இரண்டு வரிக்கு மேல் போகாமல். எரர் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படிக்கப் பழகுங்கள். என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே. இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் பாதிப் பக்கம் நான்கைந்து தப்புகளே திரும்பத் திரும்ப. சாட்ஜிபிடியிடம் ‘இந்த எரர் ஏன் வருகிறது’ என்று கேட்டிருக்கிறேன். ‘எழுதிக் கொடு’ என்று கேட்பதில்லை என்று முடிவு செய்து கடைசிவரை அப்படியே இருந்தேன். வேலை முடிவதல்ல, எனக்கு வருவதுதானே வேண்டும்?

இன்னொரு எச்சரிக்கை. தெரிந்தவர் ஒருவர் கொடுத்த பழைய ஜெராக்ஸ் நோட்ஸில் பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறியே இல்லை. அது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துபோனது. நிறுவும்போதும் படிக்கும்போதும் பைத்தான் 3 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினி இல்லாதவர்கள் கூகுள் கோலாபில் எழுதலாம், உலாவி போதும். தமிழில் படிக்க விரும்பினால் கணியம் தளத்தில் தேடிப் பாருங்கள். கொஞ்சம் கை பழகிய பிறகு இணையவழிப் பாடத் தளமான என்பிடெலில் சென்னைக் கணிதவியல் கழகத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் இருக்கிறது. அதை முதல் மாதமே தொடாதீர்கள், வேகம் அதிகம்.

மூன்றாவது நிரலுக்கு எங்கள் வீட்டுக் கணக்கு எதுவும் காரணமில்லை. அக்கா மகனுக்கு ஒரு சொல் விளையாட்டு செய்யலாம் என்று தொடங்கினேன். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று, நீளம் எண்ணும் லென்னிடம் கேட்டால் 5 என்கிறது. நமக்கு மூன்று. நிரல் தப்பு என்று நினைத்து ஒரு காலைப் பொழுதே போனது. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகத்தான் சேமிக்கிறது, லென் அவற்றை எண்ணுகிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் இன்னும் மோசம். புள்ளி முன்னால் வந்து தொங்குகிறது, மகரத்தின் இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் ஆகாரம் முதல் ஔகாரம் வரை 11 உயிர்க்குறிகள், ஒரு புள்ளி, ஆக 12 குறிகளை ஒரு லிஸ்ட்டில் வைத்து, அவற்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எண்ணினேன். ‘அம்மா’ மூன்று, ‘வணக்கம்’ ஐந்து என்று சரியாக வந்தது. ஓபன்-தமிழ் என்ற தொகுப்பில் இதற்கு ஆயத்தமான கருவி இருப்பது பிறகுதான் தெரிந்தது. முன்னமே தெரியாமல் போனது நல்லதுதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் ஃபார் லூப்பையும் லிஸ்ட்டையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு காலைப் பொழுது. மதிப்பை வைத்துக்கொள்ளும் மாறிகளுக்குத் (வேரியபிள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தேன். ‘அளவு = 5’ என்று எழுதினால் பைத்தான் 3 எடுத்துக்கொள்கிறது.

நான்காவது, பால் கணக்கு. அம்மா ஏழு வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார், நாளுக்கு மொத்தம் 6 லிட்டர், லிட்டர் 50 ரூபாய். நான் முதலில் போட்ட திட்டம், தினமும் ஏழு வீட்டுக்கும் எவ்வளவு என்று ஏழு முறை தட்டுவது. நான்கே நாளில் சலித்துப்போனது. அம்மாவிடம் சொன்னேன்.

“எதுக்குக் கண்ணு எல்லாத்தையும் எழுதற? வேண்டாம்னு சொன்ன நாளையும் அதிகமா வாங்கின நாளையும் எழுதினாப் போதாதா?” என்றார்.

சுவரில் தொங்கும் காலண்டரை அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ‘டீச்சர் இல்லை’, ‘மாடி வீடு +½’ என்று அங்கங்கே மட்டும் குறிப்பு. வழக்கமான அளவு அவர் மனத்தில், வழக்கத்துக்கு மாறானது மட்டும் சுவரில். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு டிக்‌ஷனரியில் வீட்டுப் பெயரும் அதற்கு நேராக வழக்கமான அளவும். இன்னொன்றில் மாறிய நாட்கள் மட்டும். நிரல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. தட்டச்சு வேலை மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வரிதான். எந்தத் தரவை எழுத வேண்டும், எதை எழுத வேண்டாம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அம்மா.

இந்த நிரலில்தான் கோப்பில் எழுதுவதையும் படித்தேன். தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஆங்கிலப் பெயர்களோடு நடத்தும் பாடங்களில் இந்தச் சிக்கலே தலைகாட்டாது. விண்டோஸில் வீட்டுப் பெயர்களைத் தமிழில் கோப்புக்கு எழுதியதும் யூனிகோட்என்கோட்எரர் வந்தது. கோப்பைத் திறக்கும்போதே என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டால் சரியாகிவிடும். அப்படி எழுதிய சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எக்செலில் திறந்தால் எனக்கு எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது. அதற்கு யுடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று போட வேண்டும். பணத்துக்கும் ஒரு விஷயம். பைத்தானில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பாலை மில்லிலிட்டரிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் ரூபாயாக மாற்றினேன்.

ஜூன் மாதக் கணக்கு அம்மாவின் கணக்கோடு பைசா பிசகாமல் பொருந்தியது. ஜூலைக்கான சீட்டுகளையும் அச்சடித்துக் கொடுத்தேன். அம்மா காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். டீச்சர் வீட்டுக்கு நாளுக்கு ஒரு லிட்டர், இரண்டு நாள் வேண்டாம் என்றிருந்தார்கள். என் சீட்டில் 1,400. அம்மா 1,450 என்றார். நான், எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச்சில் 1, 31 என்று எழுதியிருந்தேன். ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்த்துக்கொள்ளாது, 30 உடன் நின்றுவிடும். ஜூனில் 30 நாள், அதனால் தப்பு தெரியவில்லை. ஜூலை 31ஆம் தேதிப் பால் ஏழு வீட்டுக்கும் கணக்கில் ஏறவே இல்லை, மொத்தம் 300 ரூபாய். காலண்டர் என்ற பைத்தான் தொகுப்பில் மந்த்ரேஞ்ச்சிடம் ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தால் எத்தனை நாள் என்று அதுவே சொல்லும். அந்த நாள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி ரேஞ்ச்சில் வைத்தேன். ஏழு சீட்டுகளையும் மறுபடி அச்சடித்தோம். அம்மா ஏழையும் காலண்டரோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலையே, “தவிடு, புண்ணாக்கு வாங்கற செலவும் இதுல வருமா?” என்று கேட்டார். இப்போது காலை 40 நிமிடமும் அதற்குத்தான் போகிறது.