மூன்றாம் தரப்பினராக நகல் மனு போட்ட கதை

நீர்நிலையை ஒட்டிய ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்ற சிவில் வழக்கைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை, வக்கீலும் இல்லை. நீதிமன்ற மொழியில் மூன்றாம் தரப்பு.

தீர்ப்பு வீட்டிலிருந்தபடியே கிடைத்தது. நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்து 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். என்ற அடையாள எண் உண்டு. அது தெரியாதவர்கள் கட்சிக்காரர் பெயரை இட்டுத் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எப்படிப் பதிந்திருப்பார்கள் என்று ஊகிப்பதுதான் பெரும்பாடு. பதிவு சிக்கியபின் வாய்தா தேதிகள், அன்றன்றைய நடவடிக்கை, தீர்ப்பின் பிடிஎஃப் எல்லாமே இருந்தன.

ஆனால் அந்தத் தீர்ப்பு நின்றது, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையரின் அறிக்கைமேல். அவர் நேரில் அளந்து வரைந்த வரைபடத்தைப் பார்க்காமல் எழுதினால் கட்டுரை வெறும் செய்திச் சுருக்கமாகிவிடும். தளத்தில் அறிக்கையும் இல்லை, வரைபடமும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்றார் ஒரு நண்பர். அந்த வழியை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சிலேயே அடைத்துவிட்டது. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. நீதிமன்ற ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்டுப் பெற வேண்டும் என்பது தீர்ப்பு. ஆகவே நகல் மனு, அதோடு காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரம்.

அந்தப் பத்திரத்தில்தான் விஷயமே இருக்கிறது. "தகவலுக்காக என்று எழுதாதீர்கள் சார், திருப்பிவிடுவார்கள். எந்த ஆவணம், எதற்கு, அதில் எந்தப் பகுதி வேண்டும் என்று எழுதுங்கள்" என்றார் அனுபவப்பட்ட ஒரு வக்கீல் குமாஸ்தா. அப்படியே எழுதினேன். அதற்கு மேல் நீதிபதியின் உத்தரவு வர வேண்டும். பிறகு நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்: எந்த மனுவுக்கு நகல் கட்டணமாக எவ்வளவு ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்ற பட்டியல் அங்கேதான் ஒட்டப்படும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. குறுஞ்செய்தி வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள்.

எனக்கு இதில் எரிச்சல் உண்டு. விசாரணை நடக்கும் இடம் பொதுமக்கள் வரக்கூடிய திறந்த நீதிமன்றம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவு. உள்ளே வந்து உட்காருபவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. 2022 செப்டம்பரிலிருந்து உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் வாதங்களைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. நீதிபதிகள் வாய்மொழியாகச் சொல்வதைச் செய்தியாக்க ஊடகங்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேசுவதைக் கேட்கலாம், எழுதலாம். எதைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கேட்டால் மட்டும் பிரமாணப் பத்திரம் வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் இல்லாமல் இல்லை. வழக்குக் கட்டுகளில் மருத்துவச் சான்றும் குடும்பச் சண்டையும் வங்கிக் கணக்கும் கிடக்கின்றன. அவற்றைத் தேடுபொறிக்குத் தீனியாகப் போடச் சொல்லவில்லை. நில அளவை வரைபடம் அந்த வகையைச் சேர்ந்ததா என்பதுதான் என் கேள்வி.

கடைசியில் சான்றிட்ட நகல் கைக்கு வந்தது. மனு போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் அதில் முத்திரையாக இருந்தன; மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடுபவர்களுக்கு உதவும். ஆக்கிரமிப்பைச் சிவப்பு மையில் காட்டியிருப்பதாக அறிக்கை சொன்னது. எனக்குக் கிடைத்ததோ கறுப்பு வெள்ளை நகல். எல்லாக் கோடும் ஒரே நிறம். அறிக்கையில் எழுத்தில் கொடுத்திருந்த அளவுகளை வைத்துக்கொண்டு, எல்லையை நானே பென்சிலால் குறித்துப் பார்த்துத்தான் கட்டுரையை முடித்தேன்.

இப்போது மேல்முறையீடு தாக்கலாகியிருக்கிறது. அதற்கு வேறு சி.என்.ஆர். எண், பெயரை இட்டுத் தேடிக்கொண்டிருக்கிறேன்.