போன் போடப் பயந்தவன் இப்போது போன் போட்டே பிழைக்கிறேன்

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதுகிற வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். வந்து பார்த்தால் பாதி வேலை போனில். மாதம் பிறந்ததும் ஒவ்வொரு கடைக்காரரையும் கூப்பிட்டு பில் கேட்க வேண்டும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர் 1 என்கிற ஜிஎஸ்டி படிவத்தில் ஏற்ற வேண்டும். 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற அடுத்த படிவத்தைப் போட்டு வரி கட்ட வேண்டும். வரி உள்ளவர்கள் 3பியைத் தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், பாக்கிக்கு வட்டி தனி.

எனக்கோ முன்பின் தெரியாதவரிடம் போனில் பேச வேண்டும் என்றாலே உள்ளங்கை வேர்த்துவிடும். நேரில் என்றால் ஒரு சங்கடமும் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது யார் எவர் என்று தெரியாதவரிடமும் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா மாமா" என்று கேட்பேன். ஆனால் போனை எடுத்து நம்பரை அழுத்துவதற்குள் தொண்டை வறண்டுவிடும். ரிங் போகும்போது 'எடுக்கக் கூடாது அழகரே' என்று வேண்டிக்கொள்வேன். எடுக்கவில்லை என்றால் வரும் பாருங்கள் ஒரு நிம்மதி! அப்புறம் வாட்ஸ்அப்பில் "பில் அனுப்பவும்" என்று தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். எங்களிடம் கணக்கு வைத்திருக்கும் கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பைத் திறப்பது ராத்திரி கடை சாத்திய பிறகுதான்.

"என்னடா, அவங்க உன்னைக் கடிச்சா தின்னுடுவாங்க?" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். தின்ன மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ராஜாஜி மருத்துவமனையை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவில் உட்கார்ந்தேன். மனநல உதவிக்கு 14416 என்று டெலி மானஸ் எண் இருக்கிறது. இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் என் பிரச்சினையைச் சொல்ல முதலில் அதற்கு ஒரு போன் போட வேண்டுமே!

அங்கே ஆலோசகர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு உறைத்தது. எடுக்காத போனுக்கு வருகிற அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி போடுகிறதாம். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த போன் இன்னும் கனத்துவிடுகிறது. பயம் குறைவான அழைப்பிலிருந்து தொடங்கு, படபடப்பு இருந்தாலும் வைத்துவிடாதே, அது தானாக இறங்கும், இறங்கியதும் அடுத்ததற்குப் போ என்றார். என் விஷயத்தில் மருந்து தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் 139. ரயில்வே விசாரணை எண்; மெஷின்தான் பேசும். சென்னை போகிற வைகை எக்ஸ்பிரஸ், 12636, எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எங்கேயும் போக வேண்டியதில்லை, சும்மாதான். மெஷின் கோபித்துக்கொள்ளாது என்பதில் ஒரு தைரியம். அடுத்து மெடிக்கலுக்கு, "ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கா?" அடுத்து ஒரு ஹோட்டலுக்கு, "பரோட்டா எத்தனை மணிக்குப் போடுவீங்க?" "ஆறு மணி" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். நான் இன்னும் வணக்கமே சொல்லவில்லை.

ஆபீஸ் போன்களுக்கு முழு வசனத்தையும் தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. நான் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் "தம்பி, போன மாசச் சலான் எங்கே?" என்று எதிர்முனையில் கேட்பார். அது என் தாளில் இருக்காது. அதனால் இப்போது இரண்டே வரிகள்தான்: "வணக்கம்ணே, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறேன்", "போன மாச சேல்ஸ் பில் வேணும்". மற்றது வந்தபடி.

உண்மையில் பயத்தை உடைத்தது இந்தப் பயிற்சி மட்டுமல்ல. விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடைக்காரர். அவர் போனை எடுத்து "ம்... சொல்லுங்க" என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும், அப்படி ஒரு உறுமல். ஒருநாள் அவர் கடைக்கே போய் பில் புக் வாங்கிவரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு போன் வந்தது. வலது கையில் மீட்டர் கம்பி, இடது கையில் துணி. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அதே உறுமலில் "ம்... சொல்லும்மா" என்றார். அப்புறம் "மாத்திரை போட்டியா? சாப்பிட்டுட்டுப் போடு" என்றார். பேசியது அவருடைய அம்மா! தலைக்கு மேல் ஃபேன் கடகடக்கிறது, வாசலில் ஆட்டோ ஹாரன், எதிரே பாவாடைத் துணிக்கு விலை பேசுகிற இரண்டு பெண்கள். அந்தச் சத்தத்தில் மனுஷன் வேறு எப்படிப் பேசுவார்? போனில் முகம் தெரியாததால், குரலுக்கு நானே ஒரு கோபமான முகத்தை ஒட்டி வைத்திருந்தேன். இப்போது யார் உறுமினாலும் அந்த மீட்டர் கம்பிதான் ஞாபகம் வருகிறது.

கடினமானதைக் கடைசியில் வைத்திருந்தேன்: 20ஆம் தேதி தாண்டிவிட்டது என்று சொல்ல வேண்டிய போன். தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடை. "இதை நேத்தே சொல்றதுக்கென்னய்யா?" என்று சத்தம் போட்டார். நேற்று ஆபீஸிலிருந்து இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். நான் அதை எடுத்துச் சொல்லவில்லை, போனையும் வைக்கவில்லை. "இன்னிக்கே அனுப்பிட்டா தாமதக் கட்டணம் அம்பது ரூபாயோட போயிடும்ணே" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அந்த இடைவெளியை நிரப்பாமல் சும்மா இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. "சரி, பையன்கிட்ட குடுத்து விடுறேன்" என்றார்.

நேரம் பார்த்துக் கூப்பிடுவதும் பாதி வெற்றி. மளிகை மொத்தக் கடையில் லோடு இறங்குகிற காலையில் யாரும் நின்று பேச மாட்டார்கள், மத்தியானம் சரி. துணிக்கடைக்குக் கூட்டம் சேருவதற்கு முன். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடுகிற அன்றைக்கு யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள்.

பாக்கி இருப்பது எனக்கு வருகிற போன்கள். தெரியாத நம்பர் என்றால் இன்னும் கொஞ்சம் தயங்கித்தான் எடுக்கிறேன். பாதிக்குமேல் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள். அவர்களிடம் காரணம் எதுவும் சொல்லாமல் "வேண்டாங்க" என்று மட்டும் சொல்லி வைக்கப் பழகி வருகிறேன். முடியாது என்று சொல்லிப் பழக அவர்களைவிடத் தோதான ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.