பெட்டியைத் தூக்கி எறியும் முன்

விமானத்தின் பழைய ரேடியோவைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று கேட்டால், ஏவியானிக்ஸ் மெக்கானிக்காக, அதாவது விமானத்தின் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பவனாக வேலை பார்த்த என் கை முதலில் போவது ஒயர்கள் வந்து சேரும் கனெக்டருக்குத்தான். கோளாறு என்று கழற்றி அனுப்பும் கருவிப் பெட்டிகளில் பல, சோதனை மேசையில் ஒழுங்காக ஓடும். பழுது கனெக்டரின் ஊசியிலோ ஒயரிலோ எர்த்திலோ இருக்கும். ஓய்வுக்குப் பிறகு குடியேறிய கோத்தகிரியில், மழைக்கால மூடுபனியில் என் வீட்டு ரேடியோவின் பித்தளை முனைகூடப் பச்சை பூத்துவிடுகிறது.

பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சிறு பாகமான எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் வேறு கதை. அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும் வருடங்கள் போகப் போகக் கெட்டுவிடும். அதற்காக முழுப் பெட்டியையும் தூக்கி எறிவது எனக்குப் பொறுக்காது.

சரி, எல்லாவற்றையும் காப்பாற்ற முடியுமா? முடியாது. விமானத்தின் சாய்வைச் சுழலும் சக்கரத்தால் உணரும் ஜைரோவின் பேரிங் தேய்ந்து மறுபடி மறுபடி பட்டறைக்கு வந்தால், சுழலும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் கருவிக்கு மாறுவதுதான் விமானிக்குப் பாதுகாப்பு. ஐரோப்பாவில் ரேடியோ சேனல் இடைவெளியை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8.33 ஆகக் குறைத்தபோது, அந்த நெருக்கமான சேனல்களைப் பிடிக்க முடியாததால், நன்றாக இருந்த பெட்டிகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனால் வாங்குவதோடு செலவு முடியாது. ஒயரிங், எடைக் கணக்கு, சான்றிதழ் எல்லாம் பின்னால் வரும். அப்புறம், பழைய ஜைரோவை நம்பி ஓடிய, விமானத்தைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட் புதிய கருவியின் சிக்னலை ஏற்குமா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.