'அந்த நாள்' படத்தைச் சீட்டில் எழுதிப் பார்த்தேன்

பழைய மர்மப் படங்களைப் பார்த்து, யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று ஆளுக்கொரு சீட்டில் குறித்து அடுக்கிப் பார்ப்பது கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. இந்த முறை எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டு, நடனம், சண்டை எதுவும் இல்லாத படம். சில அறைகள், கொஞ்சம் நடிகர்கள், மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிறைய நிழல். அதை வைத்தே கட்டிப்போடுகிறார்கள்.

1943 அக்டோபர், சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட சமயம். ரேடியோ இன்ஜினீயர் ராஜன் (சிவாஜி கணேசன்) வீட்டிலேயே சுடப்பட்டுச் சாகிறான். விசாரிக்க வரும் சிஐடி அதிகாரியாக ஜாவர் சீதாராமன், திரைக்கதையும் அவருடையதுதான்.

சீட்டுகளைப் பரப்பி அம்புக்குறி போட்டேன். பக்கத்து வீட்டு சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைக் கைகாட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே. ஹேமா, நாட்டியக்காரி அம்புஜத்தை. அம்புஜம் சின்னையா பிள்ளையை. வட்டம் அப்படியே மூடிக்கொண்டது! இதை ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' பாணி என்பார்கள். ஆனால் அங்கே ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு வேறு மாதிரி சொல்வார்கள். இங்கே கொலையைப் பார்த்ததாக இந்த நால்வரில் யாரும் சொல்வதில்லை, எல்லாமே ஊகம். ராஜனின் மனைவி உஷாவை (பண்டரிபாய்) நோக்கி ஓர் அம்புகூட வரவில்லை. இதற்கு மேல் எழுதினால் பார்க்காதவர்களுக்குப் படம் கெட்டுவிடும்.

அப்புறம் அதே சீட்டுகளின் பின்பக்கம், ஒவ்வொருவர் பேச்சிலும் ராஜன் எப்படித் தெரிகிறான் என்று எழுதினேன். இதுதான் அருமையான பகுதி. ஒருவருக்கு அவன் சொத்தில் பங்கு தராத அண்ணன், இன்னொருவருக்கு மனைவிக்குத் துரோகம் செய்தவன். உஷா சொல்லும்போதுதான் திறமைக்கு ஆதரவு கிடைக்காமல் கசந்துபோன இளைஞன் வெளியே வருகிறான். கொன்றது யார் என்பதைவிட, செத்தவன் யார் என்பதே பெரிய மர்மம்.

வந்தபோது படம் வசூலில் தோற்றது; பிறகு தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தோல்விக்குப் பாட்டு இல்லாததுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது மட்டும் போதவில்லை. 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அந்தச் சிவாஜியைத் தேடி வந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே பிணம், போகப்போக தேசத்துரோகி. அதை எப்படி ஏற்றுக்கொண்டிருப்பார்கள்?

அடுத்து பாலசந்தரின் 'நடு இரவில்' (1970). அதில் உறவினர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே போவதால், அம்புக்குறியோடு சாவின் வரிசையையும் குறிக்க வேண்டும். அதற்கு வேறு நிறச் சீட்டு வெட்டி வைத்திருக்கிறேன்.