"எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லக் கூடாதாம்

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் ஆதரவாளர் பயிற்சியில் சேர்ந்ததும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "எந்தக் கோர்ட்ல வாதாடப் போற?" ஆதரவாளரை ஆங்கிலத்தில் 'விக்டிம் அட்வகேட்' என்பார்கள். அந்த 'அட்வகேட்' என்ற சொல் செய்த வேலை அது. வாதாடுவது வக்கீல். நாங்கள் போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று கூடவே போகிறவர்கள். அடுத்து என்ன நடக்கும், எதற்கெல்லாம் 'வேண்டாம்' சொல்லலாம் என்று முன்கூட்டியே விளக்குவோம். முடிவு அவர்களுடையது.

எழுத்துத் தேர்வு எனக்குப் பெரிய பாடாக இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நீதி பற்றி 1985இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தை மனப்பாடம் செய்தேன். குற்றவாளி பிடிபடாவிட்டாலும், தண்டனை பெறாவிட்டாலும் ஒருவர் பாதிக்கப்பட்டவர்தான் என்கிறது அது.

மாட்டிக்கொண்டது நடிப்புப் பயிற்சியில். சக மாணவி பாதிக்கப்பட்டவராக நடிக்க, நான் ஆதரவாளர். ஊரில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் ஆறுதல் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்ற மிதப்பு எனக்கு. "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும். நீங்க சொல்றது நம்ம ரெண்டு பேரத் தாண்டாது" என்றேன். பயிற்சியாளர் நிறுத்தினார்.

"நாளைக்கு ஒரு குழந்தை ஆபத்துல இருக்குன்னு இவங்க சொன்னா என்ன பண்ணுவீங்க?"

வாயடைத்துப் போனேன். சில விஷயங்களை மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எவை என்பதைப் பாதிக்கப்பட்டவர் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டுமாம். எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு சொன்னால் அது துரோகம்.

இன்னொரு முறை, "கத்தியிருக்கலாமே?" என்று வந்துவிட்டது. அக்கறையில்தான் கேட்டேன், சத்தியமாக. பயத்தில் உடம்பு தானாகவே அசைவற்றுப் போவதுண்டு. அதற்குச் சம்மதம் என்று பொருளில்லை என முந்தின வாரம்தான் படித்திருந்தேன். படித்தது நாக்கு வரைக்கும் வரவில்லை.

குறிப்பெழுதுவதிலும் அடி. "அவர் தாக்கப்பட்டார்" என்று எழுதியிருந்தேன். பாதிக்கப்பட்டவராக நடித்த பெண் சொன்னது, "கழுத்தப் புடிச்சு செவுத்தோட நிறுத்துனான்." பயிற்சியாளர் என் வரியைச் சிவப்பில் அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். நம் சொல் உள்ளே போனால், நாளை அது அவருடைய வாக்குமூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று யாராவது பிடித்துக்கொள்வார்களாம்.

களப்பயிற்சியில் முதல் நாள், நீதிமன்ற வராண்டா. எதிர்த்தரப்பு உறவினர்கள் கண்ணில் படாத பெஞ்சாகப் பார்த்து ஒரு அம்மாவை உட்கார வைத்தேன். "தண்டனை கெடைக்குமா தம்பி?" என்றார். 'கண்டிப்பா' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "தெரியலம்மா. ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் கூட இருப்பேன்" என்றேன்.

பெருமையாக மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்க களப்பயிற்சி எத்தனை மாசம்?"

மூன்று மாதம். வழக்கோ அப்போதுதான் சாட்சி விசாரணைக்கே வந்திருந்தது.