மெயின்பிரேம் டிஸ்க்குகளை ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்ட அனுபவம்

இரவில் வேலைகளைத் தொகுப்பாக நடத்தும் பேட்ச் ஓட்டத்தில் ஒரு ஜாப் தவறான உள்ளீட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு கணக்குப் பதிவுகளையெல்லாம் மாற்றிவிட்டது. பயனர்களுக்கு ஆன்லைன் சேவை திறப்பதற்கு முன்பே, சரிபார்ப்புக்கான கட்டுப்பாட்டுத் தொகை பொருந்தாமல் விஷயம் வெளிப்பட்டது. டிஸ்க்குகளில் எந்தப் பழுதும் இல்லை. இன்னொரு மையத்தில் இருக்கும் ரெப்ளிகேஷன் பிரதியும் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அதுவும் உதவவில்லை. இங்கே எழுதிய தவறு அடுத்த கணமே அங்கேயும் எழுதப்பட்டுவிட்டது. மிஞ்சியிருந்தவை, பிளாஷ்காப்பி என்ற டிஸ்க் சாதன வசதி மூலம் குறித்த இடைவெளிகளில் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது டிஸ்க்குகளின் அந்தந்தக் கணத்து நிலையின் பிரதிகள்.

மீட்பைத் தொடங்கும் முன் இரண்டை நிறுத்தினோம்: அந்தக் கோப்புகளில் எழுதும் ஜாப்கள், ஸ்னாப்ஷாட் எடுக்கும் அட்டவணை. இரண்டாவது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. பதிப்புகள் சுழற்சி முறையில் வைக்கப்படுகின்றன. புதியது ஒன்று எடுக்கப்பட்டால் மிகப் பழையது போய்விடும். தேவைப்படுவது அந்தப் பழையதாகவே இருக்கலாம்.

எந்த நேரத்துப் பிரதி வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடவில்லை. ஜாப் லாக்கில் தொடங்கிய நேரம் இருந்தது. விசாம் என்ற மெயின்பிரேம் கோப்பு வகையில் ஒரு கோப்பு மூடப்படும்போது எழுதப்படும் எஸ்எம்எஃப் (சிஸ்டத்தின் செயல்பாட்டுக் குறிப்பேடு) 64ஆம் வகைப் பதிவில், எத்தனை பதிவுகள் திருத்தப்பட்டன என்பதும் இருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்து, சேதத்துக்குச் சற்று முந்தைய தொகுப்பைத் தேர்ந்தெடுத்தோம்.

உடனே உற்பத்தி வால்யூம்கள் (அன்றாட வேலை நடக்கும் டிஸ்க்குகள்) மேல் திருப்பி எழுதிவிடலாம் என்று ஒரு கருத்து எழுந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்ந்தெடுத்த பிரதி சரியில்லை என்று பிறகு தெரிந்தால் கையில் ஒன்றும் இருக்காது. எனவே சேதமடைந்த நிலையையே முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டோம். பிறகு ஸ்னாப்ஷாட்டை உபரி வால்யூம்களில் படியெடுத்து, தனியான ஒரு எல்பாரில் (அதே இயந்திரத்தைப் பிரித்து தனிச் சிஸ்டமாக ஓட்டும் பகுதி) ஏற்றினோம். தனி எல்பார் அவசியம். ஒரே பெயர் கொண்ட இரண்டு வால்யூம்களை ஒரே சிஸ்டம் ஆன்லைனில் ஏற்காது.

சிக்கல் அங்கேதான் தெரிந்தது. ஐடிகேம்ஸ் என்ற கோப்பு மேலாண்மைக் கருவியின் டயக்னோஸ் கட்டளையைக் கொடுத்து, எந்தக் கோப்பு எங்கே என்று குறித்து வைக்கும் கேட்டலாக் சொல்வதையும், ஒவ்வொரு வால்யூமிலும் உள்ள விவிடிஎஸ் (அந்த வால்யூமின் கோப்பு விவரப் பட்டியல்) சொல்வதையும் ஒப்பிட்டோம். கேட்டலாக்கில் இருந்த சில கோப்புகள் வால்யூமில் இல்லை. வால்யூமில் இருந்த சிலவற்றைக் கேட்டலாக் அறியவில்லை. காரணம், அந்த யூசர் கேட்டலாக் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படும் ஸ்டோரேஜ் குரூப்பில் (வால்யூம்களின் குழு) இல்லை. வேறொரு வால்யூமில் இருந்ததால் அது இன்றைய நிலையைச் சொன்னது. தரவோ நேற்றைய நிலையில் இருந்தது. தரவு எவ்வளவு நேர்த்தியாகப் பிரதியானாலும், அதைத் தேடித் தரும் கேட்டலாக் அதே கணத்தைச் சேர்ந்ததாக இல்லாவிட்டால் மீட்பு பாதிதான். பொருந்தாத பதிவுகளை, கேட்டலாக் குறிப்பை மட்டும் அழிக்கும் நோஸ்கிராட்ச் கொடுத்து நீக்கினோம். விடுபட்டவற்றை, மறுபடி கேட்டலாக்கில் குறிக்கும் ரீகேட்டலாக் மூலம் சேர்த்தோம். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் நடைமுறை முழுவதையும் அங்கேயே எழுதி வைத்துக்கொள்ள முடிந்தது.

டிபி2 தரவுத்தளத்தின் பக்கம் இவ்வளவு சிரமமில்லை. அதன் தரவுக்கும், மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாகுக்கும் தனித்தனி காப்பி பூல்கள் (ஒன்றாகப் பிரதி எடுக்கப்படும் குழுக்கள்) இருந்தன. தரவு வால்யூம்களை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோய், லாகை அப்படியே விட்டு, ஜாப் தொடங்குவதற்குச் சற்று முந்தைய புள்ளி வரை லாகில் உள்ள மாற்றங்களை ரெஸ்டோர் சிஸ்டம் என்ற டிபி2 வசதி மூலம் மறுபடி செலுத்தினோம். லாகையும் சேர்த்துப் பழைய நிலைக்குத் தள்ளியிருந்தால் இந்த வழியே அடைபட்டிருக்கும்.

அதன் பிறகுதான் உற்பத்தி வால்யூம்களை ஆஃப்லைனில் வைத்துத் திருப்பி எழுதினோம். 3390 மாடல் 9 வகை டிஸ்க் வால்யூம் ஒன்றில் 10,017 சிலிண்டர்கள், சிலிண்டருக்கு 15 டிராக்குகள் (தரவு எழுதப்படும் தடங்கள்). இருந்தும் கட்டளை நொடிகளில் முடிந்துவிடும். உண்மையில் டிராக்குகள் பின்னணியில் நகர்ந்துகொண்டிருக்கும். இன்னும் வராத டிராக்கைக் கேட்டால் சாதனம் ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்துத் தரும். ஆகவே வால்யூம்களை ஆன்லைனில் கொண்டுவரக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் பின்னணி நகல் முடியும்வரை ஸ்னாப்ஷாட் வால்யூம்களில் யாரும் கைவைக்கக் கூடாது. பின்னணி நகல் இல்லாத நோகாப்பி முறையில் எடுத்த பிரதிகளிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றில் மாறிய டிராக்குகளின் பழைய வடிவம் மட்டுமே இருக்கும். மூல வால்யூம் பழுதானால் அந்தப் பிரதியும் பயன்படாது. எங்கள் தொகுப்பு முழுப் பிரதியாக இருந்தது பெரிய நிம்மதி.

சரியான உள்ளீட்டோடு ஜாப்பை மறுபடி ஓட்டினோம். கட்டுப்பாட்டுத் தொகை பொருந்தியது. ஆன்லைன் தாமதமாகத்தான் திறந்தது, ஆனால் ஒரு பதிவுகூட விடுபடவில்லை. சேதமடைந்த நிலையின் பிரதியைத் தணிக்கைக் குழுவிடம் ஒப்படைத்தோம். யூசர் கேட்டலாக் இப்போது தரவு இருக்கும் அதே காப்பி பூலுக்குள் வந்துவிட்டது. தனி எல்பாரில் ஸ்னாப்ஷாட்டை ஏற்றி டயக்னோஸ் ஓட்டிப் பார்ப்பதை வழக்கமான அட்டவணையிலும் சேர்த்துவிட்டேன்.