இடுப்பில்லாத குடுவைச் சுரை

போன வருஷம் என் மாடியில் காய்த்தது குடுவையும் இல்லை, நீட்டும் இல்லை. இடுப்பே இல்லாத ஏதோ ஒரு சுரை. விதை நானே எடுத்து வைத்ததுதான். அதற்கு முந்தைய வருஷம் விதைத் திருவிழாவில் வாங்கிப் போட்ட குடுவைச் சுரை அச்சு அசலாகக் காய்த்ததே என்று நம்பி எடுத்திருந்தேன்.

அங்கேதான் ஏமாந்தேன். பக்கத்து வீட்டு நீட்டுச் சுரையின் மகரந்தம் வந்து சேர்ந்தாலும் அந்தக் காயின் வடிவம் மாறாது. கலப்பு விதைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அடுத்த தலைமுறையில்தான் முகத்தைக் காட்டும்.

நல்லவேளை, பழைய பொட்டலத்தில் 6 விதை மிச்சமிருந்தது. ஆடிப்பெருக்கன்று ஊன்றினேன். 4 முளைத்தன, ஒன்றைச் சிவப்பு வண்டு தின்றது.

சுரைப்பூ பொழுது சாய்ந்துதான் விரியும். அந்துப்பூச்சிகள் அப்போது வரும். அதனால் மாலை 4 மணிக்கே, அன்று விரியப்போகும் மொட்டுகளின் நுனியை நூலால் கட்டிவிடுவேன். அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. இருட்டியதும் டார்ச்சோடு போய், வேறு கொடியின் ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் சூல்முடியில் மெல்லத் தடவி, மறுபடி கட்டு. காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல்.

5 பூவில் 3 வெம்பி உதிர்ந்தன. மிச்சம் இரண்டில் ஒன்றை அத்தை பறித்துக் கூட்டு வைத்துவிட்டார். "நூல் கட்டியிருந்துச்சே அத்தை!" என்றேன். "கண்ணு படாம இருக்க நீ கட்டினேன்னு நினைச்சேன்" என்றார். கூட்டு நன்றாகத்தான் இருந்தது.

தப்பிய ஒரே காயைத் தை வரை கொடியிலேயே விட்டேன். ஓடு மரமாகி, குலுக்கினால் கலகலவென்றது. உள்ளே 212 விதை. நிழலில் உலர்த்தி, 20 விதையை ஈரத்துணியில் முடிந்து சோதித்ததில் 17 முளைவிட்டன. டெல்லியில் 1976-இல் தொடங்கிய தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தில் விதைகளை நன்றாக உலர்த்தி மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறார்கள். என்னிடம் இருப்பது சாம்பலும் அந்தச் சுரைக்குடுக்கையும்தான்.

ஒரு குறை உண்டு. எல்லாம் ஒரே தாய்க்காயின் விதை. இதையே திரும்பத் திரும்ப எடுத்தால் வகைக்குள் இருக்கும் பன்மை சுருங்கிவிடும். வேறு ஊரில் இதே சுரை வைத்திருப்பவரிடம் விதை மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் 30 விதை கொடுத்தேன். வரும் ஆடிக்கு அவர் வீட்டிலும் குடுவைதானாம். நீட்டுச் சுரையை விடுவாரா என்று கேட்டதற்குச் சிரித்தார். நூல்கண்டை எடுத்தே வைத்திருக்கிறேன்.